என் முகத்தோடு பேசியவள்

எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் போனில் தங்கள் படத்தை வைப்பதில்லை. அம்மா, சித்தி, பெரியம்மா மகள் என்று எல்லார் பெயருக்குப் பக்கத்திலும் எங்கள் ஊர் மலைதான் இருக்கும். நானும் மலையைத்தான் வைத்திருந்தேன். முகத்தைக் காட்டாதவரைக்கும் பத்திரம் என்று ஒரு நினைப்பு. நல்லா இருந்தோம் பத்திரமாக.

தேரடி வீதிப் பக்கம் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை. கீழ்பென்னாத்தூர் மாப்பிள்ளை வீட்டார் வந்து பூ வைத்துவிட்டுப் போய்க் கொஞ்ச நாள் ஆகியிருந்தது. ஒரு மதியம் மாப்பிள்ளை முதன்முதலாகக் கூப்பிட்டார். நான் "ம்", "ஆமாங்க" என்று இழுத்துக்கொண்டிருந்தேன்.

"மெசேஜ்ல அவ்ளோ பேசறீங்க. போன்ல ஏன் இவ்ளோ கம்மி?" என்றார்.

நான் அவருக்கு ஒரு மெசேஜ்கூட அனுப்பியதில்லை.

பூ வைத்த அன்று எடுத்த என் படத்தை யாரோ எடுத்துப் போட்டு, என் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, அவரோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். சொன்னால் சிரித்தார். விளையாடுகிறேனாம். போனை வைத்ததும், நம்பர் காட்டாத அந்த ஆப்பிலேயே என் கணக்கிலிருந்து, "நான்தாங்க நிஜம்" என்று எழுதி அனுப்பினேன். முகமில்லாத மலைப் படத்தைப் பார்த்துவிட்டு, எவனோ கலாட்டா பண்ணுகிறான் என்று என்னை பிளாக் செய்துவிட்டார்.

சித்திக்குத் தெரிந்த பிறகுதான் பெரிய கூத்து. நம்ம பெண் பெயரில் போலிக் கணக்கு இருக்கிறது, எல்லாரும் ரிப்போர்ட் அடியுங்கள் என்று குடும்ப குரூப்பில் போட்டாள். பாசக்கார ஜனம், அடித்துத் தள்ளிவிட்டார்கள். முகம் இருப்பது நம்ம பெண், இல்லாதது திருட்டு என்று முடிவு செய்து, என் கணக்கையே காலி பண்ணினார்கள். தங்கள் படமும் மலைதான் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

"மலைய வெக்கச் சொன்னதே நீதானே சித்தி?"

"எனக்கென்னாடி தெரியும்? அதுலதான உன் மூஞ்சி இருந்துச்சு" என்றாள்.

அப்பாவை இழுத்துக்கொண்டு சைபர் கிரைம் போலீசுக்குப் போனேன். அங்கிருந்த மேடம் பொறுமையாகக் கேட்டார். கம்ப்யூட்டர், போன் வழியாக இன்னொருவர் மாதிரி நடித்து ஏமாற்றினால் மூன்று வருஷம்வரை ஜெயில் உண்டு என்றார். "ஆனா மெசேஜ் வந்த போன் வேணும்மா. உன் மாப்பிள்ளை வரணும்."

வெளியே வந்ததும் அப்பா, "கல்யாணம் முடியட்டும். இப்ப போலீசு கேசுன்னா உன் பேருதான் கெடும்" என்றார். அதுவரைக்கும்? என் முகத்தை வைத்துக்கொண்டு அவள், அவளோ அவனோ யார் கண்டது, எனக்குப் புருஷனாகப் போகிறவரிடம் கொஞ்சிக்கொண்டிருப்பாளா? கேஸ் கொடுத்தாலும் குத்தம், கொடுக்காவிட்டாலும் குத்தம். ரோடு என்றும் பார்க்காமல் கத்தினேன். மறுநாள் அப்பாவே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்.

வந்தார். அவர் போனை மேடம் என் கையில் கொடுத்து, எதையாவது நான் எழுதினேனா என்று பார்க்கச் சொன்னார். படித்தேன். அசிங்கமாக ஒரு வார்த்தை இல்லை, அதுதான் தாங்கவில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டிருந்தாள். மல்லாட்டைப் பயிருக்கு மழை போதுமா என்று கேட்டிருந்தாள். அவர் தன் அப்பாவோடு சண்டை போட்ட அன்று அப்படி ஒரு ஆறுதல் சொல்லியிருந்தாள். எனக்கு அப்படியெல்லாம் பேச வராது.

"நான் எழுதலைங்க" என்று திருப்பிக் கொடுத்தேன்.

மேடம் போனை அவரிடம் நீட்டி, "இவங்க எழுதலன்னு இப்ப புரியுதா?" என்றார்.

"புரியுதுங்க."

"சரி, லாக்கை எடுத்துட்டு போனை இங்க குடுத்துட்டுப் போங்க. அந்தக் கணக்க முடக்கச் சொல்லிடறோம்."

அவர் போனை வாங்கி இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். கொடுக்கவில்லை.

"முடக்கினா அந்த மெசேஜெல்லாம் அழிஞ்சிடுமா மேடம்?" என்றார்.

குரல் உடைந்திருந்தது. பக்கத்து நாற்காலியில்தான் நான் இருந்தேன், என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. கல்யாணப் பத்திரிகை ஊரெல்லாம் கொடுத்தாயிற்று.