நீலக் கவசத்துக்கு மேலதிகாரி யார்?

குடிவந்தவர்களுக்கான பிரெஞ்சு வகுப்பில் ஆளுக்குப் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று தலைப்புகளைச் சீட்டுப் போட்டுக் கொடுத்தார்கள். பக்கத்தில் இருந்தவருக்கு மேப்பிள் பாகு கிடைத்தது. எனக்குக் கிடைத்தது, உலக நாடுகள் சேர்ந்து சமாதானத்துக்காக நடத்தும் சபை எப்படி இயங்குகிறது என்பது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். ஆசிரியை சிரித்தாரே தவிர மாற்றவில்லை.

அப்போது நான் டோர்வலில், விமானங்களுக்குச் சாப்பாடு அனுப்பும் சமையற்கூடத்தில் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தேன். இடைவேளையில் தொலைபேசியில் வாசித்து, கொப்பியில் எழுதுவேன். எங்கள் லொறி ஓட்டுநர் நேபாளத்துக்காரர், அதிகம் பேசாதவர். ஒரு நாள் கொப்பியை எட்டிப் பார்த்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தார். அந்தச் சபையின் நீலத் தலைக்கவசத்தோடு லெபனானில் ஆறு மாதம் காவல் நின்றவராம். மூன்று வருடமாக ஒரே இடத்தில் வேலை செய்கிறோம். அவர் சிப்பாயாக இருந்தது அன்றுதான் எனக்குத் தெரியும்.

அதன்பிறகு இடைவேளை முழுக்க அதே கதைதான். சபைக்கென்று சொந்தப் படை இல்லை என்றார். நான் நம்பவில்லை. நாடுகள்தான் ஆட்களைத் தருகின்றனவாம். சீருடை நேபாளத்தினது, கவசம் மட்டும் சபையினது. மிச்சத்தை நான் வாசித்துச் சேர்த்தேன். காவல்படை எங்கே போவது என்பதைப் பதினைந்து நாடுகள் கொண்ட பாதுகாப்பு அவை தீர்மானிக்கிறது. அதில் ஐந்து நாடுகள் நிரந்தரமானவை. மற்றப் பத்தும் இரண்டிரண்டு வருடத்துக்குத் தெரிவாகின்றன. ஒன்பது வாக்கு வேண்டும். ஆனால் அந்த ஐந்தில் ஒன்று மறுத்தாலும் தீர்மானம் விழுந்துவிடும். எல்லா நாடுகளும் கூடும் பொதுச் சபையிலோ, சின்னத் தீவுக்கும் பெரிய நாட்டுக்கும் ஆளுக்கொரு வாக்குத்தான். இது எனக்குப் பிடித்திருந்தது.

டொலார்டில் எங்கள் வீட்டில், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவருக்கு முன்னால் ஒத்திகை பார்த்தேன். கடைசிவரை கேட்டவர், பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப ஊரில யுத்தம் நடக்கேக்க எங்கட சனத்துக்கு ஏன் ஒருத்தரும் வரேல்லை?"

"அந்தந்த நாடு ஓம் எண்டு சொல்லாமல் காவல்படை போறது குறைவாம். பாதுகாப்பு அவையும் தீர்மானம் எடுக்கோணும். எங்களுக்கு ரெண்டும் நடக்கேல்லை."

அவர் பெட்டியை மறுபடி கையில் எடுத்தார். பிறகு, "அதையும் வகுப்பில சொல்லும்," என்றார். ஒரு பத்தியைக் கூட்டி எழுதினேன்.

சனிக்கிழமை காலை, ஆசிரியையிடம் அனுமதி கேட்டு ஓட்டுநரையும் அழைத்திருந்தேன். மடிப்புக் கலையாத சட்டையோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். தொடங்கும்போது கொப்பியைப் பார்த்தே வாசித்தேன். எங்கள் ஊரைப் பற்றிய பத்தி வந்தபோது கொப்பியை மூடிவிட்டேன்.

முடித்ததும், காவலில் நிற்கும் சிப்பாய்க்கு யார் மேலதிகாரி என்று ஆசிரியை கேட்டார். களத்தில் சபையின் தளபதி, அவருக்கு மேலே பொதுச் செயலாளர், போகச் சொல்வது பாதுகாப்பு அவை, செலவுக்கு ஒப்புதல் தருவது பொதுச் சபை. ஆனாலும் சிப்பாய் தவறு செய்தால் தண்டிப்பது அவனுடைய சொந்த நாடு என்று, தட்டுத் தடுமாறினாலும் பிரெஞ்சிலேயே சொன்னேன். பின்வரிசையில் தலை ஆடியது.

பிறகு ஓட்டுநரே கையை உயர்த்தினார். பொதுச் செயலாளரை யார் நியமிப்பது என்று கேட்டார். சோதிக்கக் கேட்கவில்லை, உண்மையாகவே அவருக்குத் தெரியாது. பாதுகாப்பு அவை பரிந்துரைக்கும், பொதுச் சபை நியமிக்கும் என்றேன். ஆறு மாதம் அவருக்குக் கீழே வேலை செய்தும் இன்றைக்குத்தான் இதைக் கேள்விப்படுகிறேன் என்று அவர் சொல்ல, வகுப்பே சிரித்தது.

வெளியே கணவர் காருடன் நின்றார். ஓட்டுநரையும் ஏற்றிக்கொண்டு கோப்பி குடிக்கப் போனோம். அவர்கள் இருவரும் முன்னால் இருந்து குளிர்கால டயர்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தார்கள். நான் பின்னால் இருந்து மதிப்பெண் தாளை இரண்டு தரம் வாசித்தேன். நல்ல புள்ளி, உச்சரிப்புக்கு மட்டும் ஆசிரியை கொஞ்சம் குறைத்திருந்தார்.