மாட்டுப்பொங்கல் அன்னிக்கு யாரு போன் எடுப்பாங்க?

காதுக்குள் ஈ புகுந்த மாதிரி ஒரு சத்தம்... உத்திரமேரூர் கேபிள் ஆபீஸில் இருந்த நெட் பெட்டியின் ஃபேன் சத்தம் அது. வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் கேட்கும்.

இன்ஜினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டு நான் வேலைக்குச் சேர்ந்த இடம். சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் இன்டர்நெட் அந்த ஒரு பெட்டி வழியாகத்தான் போகும். அது படுத்தால் பழையசீவரம் வரைக்கும் படுத்துவிடும்.

அதை வாங்கியதே ஒரு கூத்து. கம்பெனிக்காரர்கள் டை கட்டிக்கொண்டு வந்து ஸ்பீடு, வாரன்டி என்று ஒப்பித்தார்கள். ஓனர் தேவராஜ் அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும் சார். மாட்டுப்பொங்கல் அன்னிக்கு இது புட்டுக்கிச்சுனா உங்காண்ட யாரு போன் எடுப்பாங்க?"

"மெயில் போட்டீங்கன்னா எங்க டீம்..."

"டீம் வாணாம் சார். ஆளு பேரு சொல்லு."

ஒரே ஒரு சேல்ஸ்மேன்தான் அங்கேயே போனை ஸ்பீக்கரில் போட்டு, அவர்கள் சப்போர்ட்டில் இருந்த முத்துக்குமாரைக் கூப்பிட்டார். உடனே எடுத்தார். அவர்கள் பெட்டி மற்றதைவிட விலை அதிகம். அண்ணன் அதைத்தான் வாங்கினார்.

"கஸ்டமர் நமக்கு போன் பண்றான். நாம யாருக்குடா பண்றது?"

அந்த வருஷம் மாட்டுப்பொங்கலுக்கு டூட்டியை நானே கேட்டு வாங்கினேன். வீட்டில் இருந்தால் சொந்தக்காரர்கள் வருவார்கள். "படிப்பு இன்னாடா ஆச்சு?" என்பார்கள். அப்பா என்னோடு பேசுவதையே நிறுத்தியிருந்தார். அதற்கு ஃபேன் சத்தம் மேல்.

மதியம் மைக்செட்காரர் எங்கள் கம்பத்திலிருந்தே கரண்ட் இழுத்துவிட்டார். லைட் பளிச்சென்று எரிந்து அடங்கியது. ஃபேன் நின்றது... திரும்பச் சுற்றியபோது பெட்டியில் எல்லா லைட்டும் சிவப்பு.

முதல் போன் பழையசீவரம் ரேவதி அக்கா. அவர் வீட்டுக்காரர் துபாயில் டிரைவர்.

"தம்பி, மாட்டுக்கு பொங்கல் ஊட்டறத வீடியோல பாக்கணும்னு அவரு லீவு போட்டுக்கினு ஒக்காந்துகீறாருடா. இங்க மலையடில மொபைல்ல பேச மட்டுந்தான் முடியும், நெட் வராது. சாயந்தரத்துக்குள்ள வருமா, வராதா?"

"வரும்கா."

எனக்கு ஒன்றும் தெரியாது. முத்துக்குமாருக்குப் போட்டேன்.

எடுத்தார்.

"சொல்லுங்க தம்பி. என்ன செய்யுது?"

"எல்லாம் செவப்பா கீது சார். பேஜாரா பூட்ச்சு."

"பயப்படாதீங்க. மொபைல் நெட்ல லேப்டாப்ப போடுங்க. நான் உள்ள வந்து பாக்கேன்."

பெட்டியின் சாஃப்ட்வேரை முதலிலிருந்து ஏற்ற வேண்டும் என்றார். ஸ்கிரீனில் ஒரு கோடு நத்தை மாதிரி நகர ஆரம்பித்தது. அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

"பொங்கலுக்கு ஊருக்குப் போலயா சார்?"

"திருநெவேலிக்கு டிக்கெட்லாம் எடுத்தேன். யாராவது ஒருத்தர் இருக்கணும்லா... நீங்க?"

"அதே கததான் சார்."

பொய். ஆனால் சொல்ல நன்றாக இருந்தது.

கோடு பாதியில் இருக்கும்போது தெருவில் மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

"தம்பி... அது மாட்டு மணியா?"

"ஆமா சார்."

"போன கொஞ்சம் ஜன்னல்கிட்ட வைக்கேளா?"

வைத்தேன். கழுத்து மணி, கொம்பில் கட்டிய பலூன் வெடிக்கும் சத்தம், பசங்களின் "பொங்கலோ பொங்கல்"... அவர் பக்கம் ஏசி சத்தம் மட்டும். கடைசி மாடு போகும் வரை போனை அங்கேயே பிடித்திருந்தேன். எங்கள் இருவருக்கும் அந்த வருஷப் பொங்கல் அவ்வளவுதான்.

வெயில் இறங்கும்போது லைட் ஒவ்வொன்றாகப் பச்சையானது.

"வந்துட்ச்சு தம்பி!" ரேவதி அக்கா கத்தினார். "மாட்டு மூஞ்சிக்கு நேரா இன்னொரு போன காட்டிக்கினு கீறேன். அந்தாளு அங்க அழுவுறாரு, லூசு. நீ வூட்டாண்ட வா, பொங்கல் துன்னுட்டுப் போ."

போகவில்லை. சும்மா சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

இப்போது அந்தப் பெட்டி இல்லை. புதுசு வந்துவிட்டது. சத்தம் கிடையாது, படுப்பதும் கிடையாது. சப்போர்ட்டுக்கு ஒரு ஆப். கேள்வியை டைப் செய்தால் மெஷின் வணக்கம் சொல்கிறது. குறையே சொல்ல முடியாது. கஸ்டமர் கேட்பதும் கெடாத பெட்டியைத்தானே? கெடாததால் யாரும் கூப்பிடுவதில்லை. ரேவதி அக்காகூட.

போன மாட்டுப்பொங்கலுக்கும் நான்தான் டூட்டி. முத்துக்குமார் நம்பருக்குப் போட்டுப் பார்த்தேன். உபயோகத்தில் இல்லையாம்...

மதியம் ஆபீஸ் போன் அடித்தது. திருமுக்கூடலில் ஒரு புதுக் கஸ்டமர், பெரியவர்.

"நெட் வரலியா சார்?"

"அதெல்லாம் ஜோரா வருது. கனெக்ஷன் குடுக்கறப்ப, பொங்கல் அன்னிக்கும் போன் எடுப்பேன்னு சொன்னியே... எடுக்கிறியானு பாத்தேன்."

"எடுத்துட்டேன்ல."

"எடுத்துட்ட, எடுத்துட்ட. சரி, வச்சிரட்டா?"

தெருக்கோடியில் மாட்டு மணி கேட்க ஆரம்பித்தது.

"ஒரு நிமிஷம் இருங்க சார்" என்று போனை ஜன்னல் பக்கம் திருப்பினேன்.