ஒன்பது நாள் பாலம்

தெல்மா கார்சைட் இருபத்தெட்டு வருஷம் எங்கள் பள்ளத்தாக்கில் பஸ் ஓட்டியவர். சந்தை நகரத்திலிருந்து எங்கள் ஊரான ஹாஸல்பெக் வரை, தினம் நான்கு தடவை. கோடையில் அந்தப் பஸ் நிறைய நடைக்காரர்கள் வருவார்கள். எங்கள் ஊரில் இறங்கி, பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டு குதிரைவால் அருவிக்குப் போகும் பாதையில் மறைவார்கள். மாலையில் முகம் சிவந்து, முழங்கால் வரை சேறாகத் திரும்பி வந்து ஏறுவார்கள். தெல்மா கண்ணாடியில் அவர்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். உள்ளூரிலேயே பிறந்தவர்தான். ஆனால் அந்த அருவியை அவர் கடைசியாகப் பார்த்தது பதினோரு வயதில்.

ஓய்வு பெற்ற மறு வாரமே போய்ப் பார்த்தார். அதற்கடுத்த வாரம் நான் நடத்தும் தபால்நிலையக் கடையின் ஜன்னலில் ஓர் அட்டையை ஒட்டிவிட்டுப் போனார். “புதன்கிழமை, காலை பத்து மணி, பஸ் நிறுத்தம். அருவி வரை நடை. மெதுவாக நடப்பவர்களும் வரலாம்.”

முதல் புதன்கிழமை மூன்று பேர். அதில் நானும் ஒருத்தி, தபாலைத் தங்கையிடம் விட்டுவிட்டுப் போயிருந்தேன். இரண்டு வருஷத்தில் பதினாறு பேர் ஆனோம். பத்து மணி என்றால் பத்து மணிதான். பத்தேகாலுக்கு ஓடி வருகிறவர்களுக்காக அவர் நின்றதில்லை. ஆல்வின் டென்பியின் ஆட்டு மேய்ச்சலைக் குறுக்காகக் கடந்து, கல்சுவரில் பதித்த படிகளில் ஏறி இறங்கினால் காட்டுப் பூண்டு வாசம் மூக்கில் ஏறும். ஆள்காட்டிப் பறவைகள் தலைக்கு மேல் கத்தும். பிறகு ஹாஸல் ஓடை, அதன் மேல் மரப்பாலம், பாலம் தாண்டிப் பத்து நிமிஷத்தில் அருவி. திரும்பும்போது தேநீர்க்கடையில் ஆளுக்கொரு ஸ்கோன் ரொட்டி.

ஒரு பிப்ரவரி வெள்ளத்தில் பாலத்தின் நடுப்பகுதி போய்விட்டது. மாவட்ட மன்றத்திலிருந்து ஆள் வந்து இரண்டு பக்கமும் நாடா கட்டி, காகிதம் ஒன்றை ஒட்டினார். ஆபத்து, பாதை மூடப்பட்டுள்ளது, ஆறு மாதம். ஆறு மாதம் கழித்து வந்தது வேறு காகிதம், இன்னும் ஆறு மாதம் என்று.

தெல்மா மன்றத்துக்குப் போன் செய்ய ஆரம்பித்தார். என் கடையில் நின்றுதான் செய்வார், அவர் வீட்டில் சிக்னல் வராது. முதலில் ஓர் இயந்திரக் குரல் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்னும். பிறகு பாட்டு. பிறகு ஓர் ஆள்.

“புகார் எண் இருக்குங்களா மேடம்?”

“இருக்கு. நாலு இருக்கு. எது வேணும்?”

“பாலம் எந்த இடத்துல இருக்குன்னு சொல்ல முடியுமா?”

“போன தடவையும் இதைத்தான் கேட்டீங்க. ஓடை மேல இருக்கு. ஓடை அங்கேயேதான் ஓடுது, எங்கயும் போகல.”

போட்டோ கேட்டார்கள், அனுப்பினார். தெளிவாக இல்லை என்றார்கள், மறுபடியும் அனுப்பினார். ஒருநாள் பார்வையிட வந்தோம், பாலம் நன்றாகவே இருக்கிறது என்று கடிதம் வந்தது. அவர்கள் பார்த்தது அரை மைல் கீழே உள்ள கல்பாலத்தை. அந்தக் கடிதத்தை தெல்மா எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். மடித்துப் பைக்குள் வைத்தார்.

“இருபத்தெட்டு வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நான் தப்பான ஊருக்கு பஸ்ஸைக் கொண்டுபோயிருந்தா என்னை வேலையில வெச்சிருப்பாங்களா?”



பாலம் இல்லாமல் அருவிக்குப் போக வேண்டுமென்றால் கார் ரோட்டில் இரண்டு மைல் சுற்ற வேண்டும். அந்த ரோட்டுக்கு ஓரம் என்பதே கிடையாது, இரண்டு பக்கமும் சுவர். பதினாறு பேர் பத்தானோம், பத்து ஐந்தாயிற்று. பாலம் போய் நான்கு வருஷம் ஆனபோது, ஒரு வளைவில் வேகமாக வந்த வேன் ஒன்று எங்களோடு நடந்த திருமதி பாஸ்கோவின் கைத்தடியைத் தட்டிவிட்டுப் போனது. தடி இரண்டாக உடைந்தது. அவருக்கு எழுபத்தொன்பது வயது, சுவரோடு ஒட்டி நின்றதால் பிழைத்தார். அன்று தெல்மா வழக்கமான ஸ்கோனைத் தொடவில்லை.

மறுநாள் காலை ஆல்வினின் கொட்டகைக்குப் போனார். ஆல்வினும் அவரும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. அறுபது வருஷமாக ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே இருப்பவர்கள்.

“உங்கிட்ட மரம் இருக்கா?”

“எதுக்கு? சவப்பெட்டி செய்யவா?”

“பாலத்துக்கு.”

ஆல்வின் ஆட்டுக்குக் குளம்பு வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. “போன காத்துல விழுந்த லார்ச் மரம் ரெண்டு கெடக்கு. நீ தூக்கிட்டுப் போறதா இருந்தா எடுத்துக்கோ.”

“நீ தூக்க மாட்டியா?”

“நாலு வருஷமா உங்கிட்ட சொல்லிட்டிருக்கேன், அவனுங்க கட்ட மாட்டானுங்கன்னு. இப்பத்தான் வர்றே.”

மே மாதம், இரண்டே நாளில் கட்டினார்கள். ஆல்வினின் டிராக்டர் மரங்களை இழுத்து வந்து கரைகளில் உட்கார வைத்தது. தெல்மாவும் நாங்கள் மூன்று பேரும் ஓக் பலகைகளை அறைந்தோம். இரண்டு பக்கமும் கைப்பிடி. மழையில் வழுக்காமலிருக்கப் பலகை மேல் கோழிக்கூண்டுக் கம்பிவலை. ஆல்வின் நடுவில் நின்று குதித்துப் பார்த்தார். “என்னைத் தாங்கினா எந்தப் பசுவையும் தாங்கும்” என்றார்.

அந்தப் புதன்கிழமை பதினொரு பேர் வந்தார்கள். திருமதி பாஸ்கோ புதுத் தடியோடு முதலில் கடந்தார். அருவியில் தண்ணீர் நல்ல வேகம், சாரல் முகத்தில் அடித்தது. தெல்மா ஒரு பாறையில் உட்கார்ந்து தெர்மாஸைத் திறந்தார். அன்று அவர் சிரித்ததைப் பார்த்தேன். அந்த வருஷத்தில் நான் பார்த்தது அது ஒன்றுதான்.

ஒன்பதாவது நாள் காலையில் லாரி வந்தது. ஆரஞ்சுச் சட்டை போட்ட நான்கு பேர், இரண்டு மின்ரம்பம். ஆல்வின் கூப்பிட்டுச் சொல்ல, தெல்மா மேய்ச்சல் நிலத்தில் மூச்சிரைக்க ஓடினார், பின்னால் நான். நாங்கள் போவதற்குள் கைப்பிடியை அறுத்து முடித்திருந்தார்கள்.

“என்ன செய்றீங்க?”

மேஸ்திரி நல்ல மனுஷன்தான். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு பேசினான். “அனுமதி இல்லாத கட்டுமானம்னு ஆர்டர் மேடம். யாராவது விழுந்தா மன்றம்தான் பொறுப்பு.”

“யாரும் விழல.”

“விழுந்தா, அப்படின்னுதான் சொன்னேன்.”

“நாலு வருஷமா பாலம் இல்லாம ரோட்டுல நடந்து ஒரு பொம்பளை சாகப் பாத்தா. அப்ப யாரும் வரல. இதுக்கு ஒன்பதே நாள்ல வந்துட்டீங்க.”

அவன் ஹெல்மெட்டைக் கையில் சுற்றினான்.

“சரி, ஒண்ணு சொல்லுங்க. நாலு பேர் இருக்கீங்க, லாரி இருக்கு, ரம்பம் இருக்கு. ஒரு பாலம் கட்ட எத்தனை நாள் ஆகும்?”

“நாங்களா? ரெண்டு நாள்.”

“அப்பக் கட்டிட்டுப் போங்க.”

“ஆர்டர்ல பிரிக்கிறது மட்டும்தாங்க இருக்கு.” பலகையைக் காலால் தட்டிப் பார்த்தான். “நல்லாத்தான் கட்டியிருக்கீங்க. பிரிக்கவே கஷ்டமா இருக்கு.”

அந்தப் பாராட்டுதான் தெல்மாவை உடைத்தது. அவர் திரும்பிக்கொண்டார். மரங்களை அறுக்கும் சத்தம் மதியம் வரை கேட்டது. அறுத்த துண்டுகளைக்கூட விட்டுவைக்கவில்லை, லாரியில் ஏற்றிப் போனார்கள்.

மன்றக் கூட்டத்துக்குப் போனார். பேச மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். பேசி முடித்ததும் தலைவர் “குறித்துக்கொண்டோம்” என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அடுத்த விஷயம் கார் நிறுத்தத்துக்குப் புதுப் பெயர்ப்பலகை. அது ஐந்து நிமிஷத்தில் நிறைவேறியது. பாலம் இரண்டாம் முன்னுரிமைப் பட்டியலில் இருப்பதாக ஜூனில் கடிதம் வந்தது. பட்டியலுக்குத் தேதி கிடையாது.

ஆனால் அந்தக் கடிதத்தோடு உட்கார்ந்து பழைய காகிதங்களையெல்லாம் வரிசைப்படுத்தியபோது தெல்மா ஒன்றைக் கண்டுபிடித்தார். பாதையை மூடிய கடைசிக் காகிதம் மார்ச்சிலேயே காலாவதி. புதுப்பிக்க யாருக்கும் ஞாபகமில்லை. ஆக, பாலம்தான் இல்லையே தவிர, பாதை திறந்தே இருக்கிறது.

அடுத்த புதன்கிழமை ஓடைக் கரையில் உட்கார்ந்து பூட்ஸையும் காலுறையையும் கழற்றினார். கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டினார். ஆல்வின் இரண்டு கரை மரங்களுக்கும் நடுவே கயிறு கட்டிக் கொடுத்திருந்தார். தெல்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஜூன் மாதத்திலும் அந்தத் தண்ணீர் எலும்பைக் கடிக்கும். “வர்றவங்க வாங்க” என்றார், திரும்பிப் பார்க்காமல். ஐந்து பேரும் இறங்கினோம். திருமதி பாஸ்கோவை மட்டும் ஆல்வின் டிராக்டர் பெட்டியில் உட்கார வைத்து அக்கரையில் விட்டார். மழை பெய்தால் போகமாட்டோம். மழை பெய்யாத புதன்கிழமை எங்கள் ஊரில் எத்தனை என்று கேட்காதீர்கள்.

அந்த வருஷம் அப்படியே போனது. இந்த ஏப்ரலில் மாவட்ட மன்றத்தின் சுற்றுலாத் துறையிலிருந்து வழவழப்பான கையேட்டுக் கட்டு ஒன்று என் கடைக்கு வந்தது, வாடிக்கையாளர்களுக்கு இலவசமாகக் கொடுக்க. ஆறாம் பக்கத்தில் ஹாஸல் ஓடை. கயிற்றைப் பிடித்து வெறுங்காலோடு நடக்கும் தெல்மாவின் முதுகு. யார் எடுத்த படம் என்று தெரியவில்லை. கீழே எழுதியிருந்தது: “உள்ளூர் மக்களோடு சேர்ந்து, அவர்களின் மரபுப்படி வெறுங்காலுடன் ஓடையைக் கடக்கும் அபூர்வ அனுபவம். தவறவிடாதீர்கள்.”

தெல்மாவிடம் காட்டலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். காட்டினேன். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது தடவை படித்தார். பிறகு என் போனை எடுத்தார். முப்பத்தைந்து நிமிஷம் பாட்டுக் கேட்டார்.

“கையேட்டைப் பத்தியா? அது வேற துறைங்க. பாலத்தைப் பத்தியா? அதுவும் எங்க துறை இல்ல.”

போனை மெதுவாக மேஜை மேல் வைத்துவிட்டு வெளியே போனார்.

போன புதன்கிழமை முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் கையில் கையேடு. கரையில் வரிசையாக உட்கார்ந்து, குளிரில் கூச்சலிட்டபடி, ஒருவரை ஒருவர் படமெடுத்துக்கொண்டு இறங்கினார்கள். லண்டனிலிருந்து வந்த ஒருவர், நல்ல மரியாதைக்காரர், கால் விரல்கள் நீலமாகிப்போயிருக்க, தெல்மாவின் பக்கத்தில் வந்து நின்றார்.

“ரொம்ப அழகான வழக்கம்ங்க. எத்தனை தலைமுறையா இது நடக்குது?”

“போன ஜூன்லேருந்து” என்றார் தெல்மா, காலுறையைப் பிழிந்துகொண்டே.