வயதைக் கேட்ட வீடியோ

போன் திருத்தும் தொழிலில் உடைந்த கண்ணாடியோடு வருகிறவர்கள் புண்ணியவான்கள். உடையாத போனோடு தலையைக் குனிந்து வருகிறவர்களை நினைத்தால்தான் கடையைத் திறக்கவே மனம் வருவதில்லை. போன் வைத்திருக்கும் சக பாவிகளே, நான் படும் பாட்டைக் கேளுங்கள்.

சிநேகிதனின் போன்

அசிங்கப் படமொன்று திரையை அடைத்துக்கொண்டு போக மறுக்கிறது என்று கொண்டுவரும் எவருக்கும் அது சொந்தப் போன் இல்லை. ஒருவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சிநேகிதன் தந்தது என்றார். எதை அழுத்தினார் என்று கேட்டால், அது சிநேகிதனுக்குத்தான் தெரியும் என்றார். அப்படியென்றால் எல்லாவற்றையும் அழிக்கவேண்டியதுதான் என்றேன். பதறிப்போனார். "அழிச்சுப்போடாதேங்கோ தம்பி, என்ர மகளின்ர சாமத்தியச் சடங்குப் படமெல்லாம் உதுக்குள்ளதான் கிடக்கு."

சட்டத்துக்குப் பணிந்தவர்

இரத்தினம் அண்ணை அப்படிப்பட்டவர் இல்லை. யாரும் கேட்காமலே பஸ் பாஸைக் கையில் பிடித்திருக்கும் மனிதர். தெரிந்த ஒருவரின் எண்ணிலிருந்து அவருக்கு ஒரு இணைப்பு வந்தது: ஊரில் பஸ் விபத்து, கோரக் காட்சி, இளகிய மனமுள்ளவர்கள் பார்க்கவேண்டாம். வேண்டாம் என்றால் நாங்கள் விடுவோமா? செத்தது தெரிந்த ஆளோ என்ற பயம் வேறு. பதினெட்டு வயதானதை உறுதிப்படுத்த, போனுக்கு வரும் ஆறு இலக்கத்தைப் போடச் சொன்னது. போட்டுவிட்டார்.

அது அவருடைய வாட்ஸ்அப்பின் சாவி. அன்றைக்கே அவர் பெயரில் ஆபாச வீடியோ ஒன்று கோயில் குழுவிலிருந்து சுவிஸில் இருக்கும் மருமகள் வரை போய்விட்டது. அந்த இலக்கத்தை எவருக்கும் கொடுக்காதே என்று அதிலேயே எழுதியிருக்குமே என்றேன். "இப்ப இந்த நாட்டில உப்பிடி வீடியோ பாக்க வயசு காட்டவேணும் எண்டுதானே சட்டம். எழுபத்திரண்டு வயசில நான் என்னத்தை ஒளிக்கிறது தம்பி?"

மருமகள்

கணக்கை மீட்டுக் கொடுத்தேன். கோயில்காரர் சிரித்துவிட்டு மறந்துபோனார்கள். மருமகள் மறக்கவில்லை, அவரை ப்ளொக் பண்ணிவிட்டாள். மூன்று வயதுப் பேத்தியை அவர் பார்ப்பதெல்லாம் அந்தப் போனில்தான். மகனைக் கேட்டால், பிறகு கதைப்போம் என்று வைத்துவிடுகிறானாம்.

பொறுக்காமல் நானே அவளுக்குப் போன் எடுத்தேன். இது மோசடி, மாமா ஒன்றும் அனுப்பவில்லை என்று மன்றாடினேன். மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். "பிடிபட்ட எல்லாரும் ஹாக் பண்ணிப்போட்டாங்கள் எண்டுதானே அண்ணை சொல்லுகினம்," என்றாள். அவளைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. கடைக்கு வருகிறவர்களை எனக்குத் தெரியாதா?

இரத்தினம் அண்ணைக்கு அதை எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. வாராவாரம் போனைக் கொண்டுவருகிறார். "வடிவாப் பாருங்கோ தம்பி, பேத்தியின்ர வீடியோ கோல் வாறதை ஏதோ வைரஸ் மறிக்குது போல கிடக்கு."

பழுதே இல்லாத போனைத் திறந்து பார்ப்பதுபோல நடிக்கவும் ஒரு திருத்துநர் வேண்டியிருக்கிறது, அவன் நான்தான்.