நைனா சட்டையிலிருந்து ஒரு மேகம்

எங்கள் தெருவில் துணி உலர்த்துகிறவர்கள் மழை வருமா என்று அண்ணாந்து பார்ப்பதில்லை. இரும்பு மில்லின் புகைபோக்கியைத்தான் பார்ப்பார்கள். புகை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்து மாடிக் கொடிகளெல்லாம் காலியாகிவிடும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய தெரு அது. அந்தப் புகைபோக்கிக்குக் கீழே, பழைய இரும்பை உருக்குகிற உலைக்கு முன்னால் நின்று வேலை செய்தவர் என் நைனா. அதனால் யார் வீட்டு வெள்ளைச் சட்டையில் கரி விழுந்தாலும் வசவு எங்கள் வாசலுக்குத்தான் வரும். மில் முதலாளி எங்கே இருக்கிறார் என்று தெருவில் ஒருவருக்கும் தெரியாது. நைனா பக்கத்திலேயே இருந்தார், திட்டுவதற்கு வசதி.

தெருவாவது வாரத்துக்கு ஒருமுறை திட்டும். வீட்டில் தினமும் நடக்கும். அம்மா பழவேற்காட்டுக்காரி. அவள் பிறந்த வீட்டில் எல்லோரும் ஏரியில் மீன் பிடிக்கிறவர்கள். சோற்றைப் போட்டுக்கொண்டே ஆரம்பிப்பாள்.

"இந்தப் பொக நமக்கு ஆவாது. உட்டுட்டு எங்க ஊருக்கு வா. எந்தம்பி தொழில் இருக்குது, பாத்துக்கலாம்."

"நீச்சல் தெரியாதவன் படகுல ஏறி இன்னா பண்ணப் போறேன்? பொண்டாட்டி ஊர்ல போயி ஊட்டோட மாப்பிள்ளையா ஒக்காரச் சொல்றியா?"

நைனாவுக்கு அந்த வேலை லேசில் வந்ததல்ல. அவர் அப்பா அடுத்தவன் நிலத்தில் குனிந்தே காலத்தை முடித்தவர். நைனா வருஷக்கணக்காகக் கான்ட்ராக்டில் கிடந்து, அப்புறம்தான் நிரந்தரம் ஆனார். கழுத்தில் தொங்கிய மில் அடையாள அட்டையைக் குளிக்கப் போகும்போதுதான் கழற்றுவார். அதையும் சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில்தான் மாட்டுவார்.

நான் நைனா கட்சி. அம்மா எதற்காக அவ்வளவு அடம்பிடித்தாள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும் என்று நினைத்திருந்தேன். மாமா கொண்டுவந்து தருகிற மீனை மாடியில் கருவாட்டுக்குக் காயப்போட்டால் கரி படிந்துவிடுகிறது. ஒரு கருவாட்டுக்காகவா ஒரு மனிதர் வேலையை விடுவார்? பேசும்போதெல்லாம் அம்மா ஏன் என் பக்கம் கண்ணைக் காட்டுகிறாள் என்பது மட்டும் புரியவில்லை. அவளும் என்னைத் தன் கட்சிக்கு இழுக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்கு அப்போது நெஞ்சில் பூனைக்குட்டி கத்தும். வீசிங் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு லீவு கிடைக்கும் என்பதுதான் அந்த வியாதியைப் பற்றி எனக்குத் தெரிந்த விசேஷம். வளர்ந்தால் சரியாகிவிடும் என்றும் டாக்டர் சொல்லியிருந்ததால், வளர்வது ஒன்றுதான் என் பொறுப்பு என்று இருந்தேன்.

இந்த நிலைமையில்தான் ஆறாம் வகுப்பு அறிவியல் மிஸ் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலோடு வந்தார்கள். அடியில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி, மூடி, நசுக்கிவிட்டுக் கையை எடுத்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி ஊதி அணைத்து, அந்தப் புகையைக் கொஞ்சம் உள்ளே விட்டு, மறுபடி நசுக்கி விட்டார்கள். பாட்டிலுக்குள் வெள்ளையாக ஒரு மேகம் வந்து நின்றது. தண்ணீர் ஆவியாக மேலே போனால் மட்டும் போதாதாம். அது ஒட்டிக்கொண்டு துளியாவதற்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொடி வேண்டுமாம். புகையோ, மண் தூசியோ, அலை தெறித்துக் காற்றில் பறக்கிற கடல் உப்போ, ஏதாவது ஒன்று. அது இல்லாவிட்டால் மேகம் உண்டாவது கஷ்டம் என்றார்கள்.

எனக்கு வேறு என்ன வேண்டும்? பொடி மிதமிஞ்சிப் போனால் ஒரே தண்ணீரை ஆயிரம் பேர் பங்கு போட்ட மாதிரி துளிகள் சின்னதாகவே நின்றுவிடும், மழையாக விழாமலும் போகும் என்று மிஸ் தொடர்ந்து சொன்னார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்றும் சொன்னார்கள். அந்தப் பாதி எனக்குத் தேவைப்படவில்லை. தெருவே திட்டுகிற என் நைனாதான் இந்த ஊருக்கு மேகம் போடுகிறார். அதை அம்மாவுக்கு நிரூபித்துவிட்டால் பழவேற்காட்டுப் பேச்சு அதோடு தீர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். அம்மாவின் தம்பி. ஒரு கூடை மடவை மீனோடு வந்து, நைனாவுக்கு எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். அம்மாவும் இருந்தாள். இதைவிட நல்ல சபை கிடைக்காது என்று கதவைச் சாத்தினேன், ஃபேனை நிறுத்தினேன், அடியில் வெந்நீர் ஊற்றிய ஒரு பாட்டிலை நடுவில் வைத்தேன்.

"நைனா, நீ போடற பொகையிலதான் மேகம் வருது. எங்க மிஸ்ஸே சொன்னாங்கோ. இப்போ பாரு."

"அப்போ எங்க கடலு இன்னா சும்மாவா கெடக்குது?" என்றார் மாமா.

கடல் உப்பும் அந்த வேலையைச் செய்யும் என்று மிஸ் சொன்னதை நான் வாயைத் திறந்து சொல்லவில்லை. அது அம்மா கட்சிக்குப் பலமாகிவிடும்.

தீப்பெட்டி அடுப்படியில் இருந்தது. ஆனால் யார் வீட்டிலும் இருக்கிற தீக்குச்சிப் புகையை வைத்து நைனாவின் பெருமையை எப்படிக் காட்டுவது? ஆணியில் அவருடைய வேலைச் சட்டை தொங்கியது. ஒரு வாரத்து மில் தூசி அதில் இருந்தது. கழற்றிக்கொண்டு வந்து, பாட்டில் வாயில் காகிதத்தைப் புனல்போல் சுருட்டி வைத்து, அதற்கு மேல் பையையும் காலரையும் பிடித்து உதறினேன். தூசி வீடெல்லாம் பறந்தது.

"ஏய், மூஞ்சிக்கு நேரா ஒதறாத," என்றாள் அம்மா.

பாட்டிலை மூடி நசுக்கி விட்டேன். உள்ளே தண்ணீர் கறுத்ததே தவிர மேகம் வரவில்லை. சட்டையில் குறை இருக்க முடியாது, உதறினதில்தான் குறை என்று குனிந்து இன்னும் பலமாக உதறினேன். மறுபடியும் நசுக்கினேன். வரவில்லை. அதற்குள் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி எழுந்துவிட்டது. அது எப்போதும் வருவதுதானே என்று நான் பொருட்படுத்தவில்லை. என் முகம் போன போக்கைப் பார்த்து மாமா இரக்கப்பட்டிருக்க வேண்டும். தண்ணீரை மாற்றி, ஒரு குச்சியைக் கிழித்து அணைத்து, புகையைப் பாட்டிலுக்குள் விட்டு மூடிக் கொடுத்தார். நசுக்கினேன், விட்டேன். வந்தது மேகம். பள்ளிக்கூடத்தில் வந்ததைவிட அழகாக வந்தது.

"பாத்தியா நைனா, பாத்தியா," என்றேன். பாதி வார்த்தை வெளியே வரவில்லை, விசில்தான் வந்தது.

நைனா பாட்டிலைப் பார்க்கவில்லை. என் முகவாய்க்குக் கீழே, மூச்சுக்கு மூச்சு உள்வாங்குகிற கழுத்துக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பாட்டிலை அங்கேயே தூக்கிக் காட்டினேன். அப்போதும் அவர் கண் அசையவில்லை. "ஆட்டோ புட்றா மச்சான்," என்று மாமாவிடம் சொல்லிவிட்டு, கைக்குக் கிடைத்த சட்டையை மாட்டிக்கொண்டு என்னைத் தூக்கினார். மேகம் யாரும் பார்க்காமலே கரைந்தது.

ஆஸ்பத்திரியில் மூக்குக்கு முகமூடி மாட்டி மருந்தை ஆவியாக வைத்தார்கள். அது வெள்ளை வெள்ளையாக இரண்டு பக்கமும் வழிந்தது. "இதுவும் மேகந்தான் நைனா," என்று உள்ளிருந்து சொன்னேன். நர்சம்மா நைனாவை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா சார், இவ்ளோ கரியோட கொழந்த பக்கத்துல நிக்கிறீங்க? சட்டைய எடுத்துக்கினு வெளிய போங்க."

நைனா வராந்தாவுக்குப் போனார். சட்டையைக் கழற்றி, உள்பக்கம் வெளியே தெரியச் சுருட்டி, கம்பத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு பனியனோடு நின்றார். மருந்து முடியும் வரைக்கும் கதவுக்கு இந்தப் பக்கம் வரவில்லை. வெளியில் வெயில் அதிகம் போலிருக்கிறது, வேர்க்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடம் லீவு விட்டதும் நாங்கள் பழவேற்காட்டுக்குக் குடிபோனோம். நிரந்தர வேலையை வேண்டாம் என்று நைனா எழுதிக்கொடுத்துவிட்டார். அம்மா ஜெயித்துவிட்டாள் என்று எனக்கு ஆத்திரம். ஜெயித்தவள் சாமான் கட்டும்போது ஏன் அழுதாள் என்று கேட்கத் தோன்றவில்லை. அதற்கப்புறம் நைனா டி.வி.எஸ். வண்டியில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு, மாமா பிடிக்கிற மீனைப் பொன்னேரி, சோழவரம் என்று தெருத்தெருவாக விற்றார். "இன்னா ஊட்டோட மாப்ள" என்று ஊரார் முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டு, "சொல்லுப்பா" என்பார். கடல் உப்பிடம் நைனாவின் புகை தோற்றுப்போனதே என்று நான்தான் குமைந்தேன். நெஞ்சில் பூனைக்குட்டி எப்போது ஓய்ந்தது என்று எனக்கு ஞாபகம்கூட இல்லை. நான் வளர்ந்துவிட்டேன், டாக்டர் சொன்னது பலித்துவிட்டது என்று இருந்துவிட்டேன்.

இப்போது மாடிப்படி ஏறி நின்று ஒரு மூச்சு முழுதாக இழுத்துவிடும்போது, இது யார் கொடுத்தது என்று எனக்குத் தெரியும். கும்பிட வேண்டிய மனிதர்தான். ஆனால் நேரில் சொன்னால், "போடி, வேற வேல இல்ல," என்பார். அதனால்தான் எழுதுகிறேன்.

குடிபோன அன்று சாமான் ஏற்றிய குட்டியானை லோடு வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் நைனா, நைனா மடியில் நான். புகைபோக்கி பின்னால் போய்க்கொண்டிருந்தது. அந்த பாட்டிலை நான் கையோடு எடுத்து வந்திருந்தேன்.

"அன்னிக்கு நீ மேகத்தப் பாக்கவே இல்ல நைனா," என்றேன்.

"பாத்தேன்டி. நல்லாத்தான் பாத்தேன்."

பச்சைப் பொய். பாட்டில் பக்கம் அவர் திரும்பவே இல்லை என்பதற்கு நானே சாட்சி. அந்தக் கோபத்தில், பொன்னேரி தாண்டி ஏரி தெரிகிற வரைக்கும் நான் அவரோடு பேசவில்லை.