பதினேழாம் தாங்கி

வைன் தாங்கியின் உடம்பில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடி நிற்கிறார் மரியமலர். பக்கத்துத் திரையில் வெப்பநிலை தெரிந்துகொண்டுதான் இருக்கிறது. அதை அவர் பிறகுதான் பார்ப்பார்.

"மெசின் சொல்லட்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டால் முதல்ல கையைத்தானே வைச்சுப் பாக்கிறம்?" என்பார்.

பலெர்மோவுக்கு வெளியே உள்ள அந்த வைன் ஆலையில் நாற்பது எஃகுத் தாங்கிகள், ஒவ்வொன்றும் ஐம்பதாயிரம் லீற்றர். அத்தனைக்கும் பொறுப்பு இந்த மன்னார்க்காரி. நகரின் லிபெர்த்தா வீதியில் ஒரு பணக்காரச் சிஞ்ஞோராவின் வீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவர், இங்கே தாங்கி கழுவ வந்தார். பதினெட்டு வருடத்தில் பன்னிரண்டு சிசிலி ஆண்களை வேலை வாங்கும் இடத்துக்கு வந்துவிட்டார். வைனை வாயில் வைத்து உருட்டி, ஆறடி தள்ளியுள்ள வடிகாலில் குறி தப்பாமல் துப்புவார். ஒரு மிடறும் விழுங்கமாட்டார்.

அறுவடை முடியும்வரை வீட்டில் தாளிப்பு கிடையாது, மூக்குக் கெட்டுவிடுமாம். பல்லரோ சந்தையில் நல்ல மீனாகப் பார்த்து வாங்கிவரும் கணவர் சூசைதாசன், அது உப்புத் தண்ணீரில் அவிவதைப் பார்த்து நொந்துபோவார். "ஆறு கிழமைக்கு நான் ஆஸ்பத்திரி நோயாளி" என்பார்.

இப்படிப்பட்டவர்தான் இந்தச் செப்டெம்பரில் சறுக்கினார். பலெர்மோவின் காவல் புனிதையான சாந்தா ரொசாலியாவின் மலைக்கு வெறுங்காலோடு ஏறுவது அவர் ஒரு வருடமும் தவறவிடாத நேர்த்திக்கடன். தான் இல்லாத நேரத்தில் சாறு சூடேறிவிடுமோ என்று பயந்து, பதினேழாம் தாங்கியைப் பன்னிரண்டு பாகைக்குக் குளிரவைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். மறுநாள் வந்து பார்த்தால், சாற்றைப் புளிக்கவைக்கும் ஈஸ்ற் விறைத்து, பொங்குவது நின்றுபோயிருந்தது.

வெப்பத்தைக் கூட்டினார். வெதுவெதுப்பான நீரில் புது ஈஸ்ற் கரைத்து, குழந்தைக்கு ஊட்டுவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாறு கலந்து பழக்கினார். இது பிடிக்காவிட்டால் ஐம்பதாயிரம் லீற்றரும் வீண்.

அதற்குள் முதலாளி வந்துவிட்டார். வெப்பநிலையை மாற்றுகிறவர் தாங்கியில் தொங்கும் அட்டையில் எழுதிக் கையெழுத்திட வேண்டும் என்பது மரியமலரே போட்ட சட்டம். அவசரத்தில் அவரே அதை மறந்திருந்தார். அட்டையில் இருந்த ஒரே கையெழுத்து, அன்று காவலுக்கு நின்றதைக் குறித்து அனிற்றா போட்டது. அறுவடைக்கு மட்டும் எடுத்த தமிழ்ப் பெண் அவள். இந்த வேலை போனால் இத்தாலியில் தங்குவதற்கான அவளுடைய பெர்மெஸ்ஸோவும் புதுப்பிக்கப்படாது. குளிரவைத்தது அவள்தான் என்று எண்ணி, நாளையிலிருந்து அவள் வரவேண்டாம் என்றார் முதலாளி.

"மலரக்கா, நான் தொடவே இல்லை" என்றாள் அனிற்றா. 

"எனக்குத் தெரியும் பிள்ளை."

 போன வருடம் இதைவிடச் சின்னப் பிழைக்கு ஒரு மேற்பார்வையாளரை வேலையை விட்டு அனுப்பியவர் இந்த முதலாளி. தாங்கிக்குள் இன்னும் ஓர் அசைவும் இல்லை.

அட்டையைக் கழற்றினார். தான் மலைக்குப் போன நாளின் தேதிக்கு நேரே பன்னிரண்டு பாகை என்று எழுதி, பக்கத்தில் தன் முழுப்பெயரையும் எழுதி, முதலாளியின் கையில் கொடுத்தார்.