சிவப்பு மையில் ஒரு ஜிலேபி

எழுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகி மொன்றியலுக்கு வந்து எனக்கு அது இரண்டாவது குளிர்காலம். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். கணவருக்குப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை. நான் திருச்சியில் ஆங்கில டீச்சராக இருந்தவள். ஆனால் பிரெஞ்சு தெரியாதவளை இங்கே யார் சீந்துவார்கள்? கடைக்காரர் "போன்ஜூர்" என்றால் நான் "மெர்சி" என்று உளறிவிட்டு வருவேன்.

எங்கள் கீழ்வீட்டில் ஒரு ஜப்பானிய அம்மாள் இருந்தார். அவரும் டீச்சர்தான். சனிக்கிழமைகளில் ஒரு சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஜப்பானியச் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பார். வார நாட்களில் ஆங்கிலப் பள்ளிக்குப் போய், ஒன்றும் புரியாமல் திருதிருவென்று விழித்துவிட்டு வருகிற பிள்ளைகள். அவர்களுக்காக வகுப்புச் சுவரில் மாட்ட ஆங்கிலப் படப் பலகைகள் செய்து தர முடியுமா என்று அவர் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கடல் தாண்டி வந்த பிறகு என்னை டீச்சராக மதித்த முதல் ஆள் அவர்.

துணிக்கடை விலைப்பட்டியல்களில் இருந்த படங்களை வெட்டி, பெரிய அட்டையில் ஒட்டி, குடை, கையுறை, பூட்ஸ் என்று ஒவ்வொரு படத்துக்குக் கீழும் அதன் ஆங்கிலப் பெயரை முத்து முத்தாக எழுதினேன். பனியில் நனையாமல் இருக்க, கணவரின் வேட்டியில் சுற்றி பஸ்ஸில் சர்ச்சுக்கு எடுத்துப்போனேன். அந்த அம்மாள் குனிந்து குனிந்து வணங்கி வாங்கிக்கொண்டார்.

அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்தால், என் பலகையில் வார்த்தைக்கு வார்த்தை சிவப்பு மையில் முட்டை! போதாதென்று மேலே, என் பெயருக்குப் பக்கத்தில், சுற்றிச் சுற்றி ஒரு பெரிய ஜிலேபி வேறு. நான் எத்தனை பிள்ளைகளுக்கு முட்டை போட்டிருப்பேன்! ஆனால் அந்த அம்மாளோ பலகையைக் காட்டி வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறார். பெயிலாக்கிவிட்டுச் சிரிக்கிற டீச்சரை நான் அதுவரை பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து, பலகைக்காக எழுதி வைத்திருந்த வார்த்தைப் பட்டியலை அகராதியை விரித்து ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்த்தேன். ஒரு பிழைகூட இல்லை. விஷயத்தைக் கேட்ட கணவர், "முட்டை சரி, பெயில்னு அர்த்தம். ஜிலேபி எதுக்கு, டிபனுக்கா?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நேரே கேட்டுவிடலாமே என்பீர்கள். கேட்டு, 'ஆமாம், நீங்கள் வேண்டாம்' என்று சொல்லிவிட்டால்? கையில் இருந்த ஒரே வேலை அது. வாரம் முழுக்கக் குழம்பிக்கொண்டே அடுத்த பலகையைச் செய்தேன்.

இந்த முறை பிள்ளைகள் எழுதிய தாள்களையே திருத்திப் பலகையில் குத்துவதாக ஏற்பாடு. அங்கே ஒரு குட்டிப் பெண் இருந்தாள். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து அவள் வாயிலிருந்து ஓர் ஆங்கில வார்த்தைகூட வந்ததில்லை என்று அந்த அம்மாள் கவலைப்பட்டிருந்தார். அன்று அவள் எழுதியதெல்லாம் சரி! எனக்கு வந்த சந்தோஷத்தில் வரிக்கு வரி பட்டை பட்டையாக டிக் போட்டு, பலகையின் நடுவில் குத்தினேன்.

அவள் பார்த்தாள். உதடு பிதுங்கியது. போய்க் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றுவிட்டாள்.

அந்த அம்மாள் ஓடிவந்து தாளைப் பார்த்து, "எல்லாம் தப்பா?" என்றார். "எல்லாம் சரி!" என்றேன். "பிறகு ஏன் தப்பு போட்டீர்கள்?" "எங்கே போட்டேன்?" இருவரும் மாறி மாறி விழித்தோம். கடைசியில் அவர் கரும்பலகையில் ஒரு டிக் போட்டு, தப்பு என்றார். பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு, சரி என்றார். அவர்கள் ஊர் வழக்கம் அதுவாம். பிள்ளைகள் படிக்கக் கற்றுக்கொண்ட ஒவ்வொரு வார்த்தைக்கும்தான் என் பலகையில் வட்டம் போட்டிருக்கிறார். "அப்போ அந்த ஜிலேபி?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டு, விரலால் சுற்றிக் காட்டினேன். "அது பூ. மிக மிக நன்று என்று உங்களுக்கு" என்றார்.

வெட்கமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. ஆனால் வாசலில் அந்தப் பெண் பூட்ஸில் காலை நுழைத்துக்கொண்டிருந்தாள். இன்று போனால் இனி வரமாட்டாள் என்று அந்த அம்மாளின் முகமே சொன்னது. நான் தாளை உருவிக்கொண்டு ஓடி, அவள் எதிரே தரையில் உட்கார்ந்து, டிக்குகளின் மேலேயே பெரிய ஜிலேபியாக ஒன்று சுற்றினேன்.

அவளுக்கு இன்னும் குழப்பம். தாளில் தப்பும் இருக்கிறது, பூவும் இருக்கிறது. இரண்டையும் போட்டவள் நான்தான். என் முகத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ஒரு விரலை டிக்கிலும் இன்னொரு விரலைப் பூவிலும் வைத்து, "விச்?" என்றாள். எது என்று கேட்கிறாள், ஆங்கிலத்தில்!

பின்னால் நின்ற அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். நான் பூவைத் தொட்டுக் காட்டினேன். அவள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, பூட்ஸைக் கழற்றினாள்.

ஒரு வாரமாக வாயைத் திறக்காமல் நான் சுமந்த கேள்வியை அந்தக் குட்டி ஒரே வார்த்தையில் கேட்டுவிட்டாள். இன்றும் யாராவது சொன்னதோ செய்ததோ மனதில் முள்ளாகக் குத்தினால், நேரே போய், "எது?" என்று கேட்டுவிடுகிறேன். பாதி நேரம் அது பூவாகத்தான் இருக்கிறது.